தென்கிழக்காசிய வாட்கலையும் பிற போர்க்கலைகளும்: ஓர் ஒப்பீட்டு விமர்சனம்

தாய்லாந்து, மியான்மர், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளில் வாள், கத்தி, கம்பு ஆகியவற்றைக் கையாளும் மரபுவழிப் போர்க்கலைகள் இன்றும் பயிற்றுவிக்கப்படுகின்றன. தாய்லாந்தின் கிராபி கிராபோங், மியான்மரின் பன்ஷே, பிலிப்பைன்ஸின் எஸ்கிரிமா (ஆர்னிஸ், காளி என்றும் வழங்கும்), மலாய் உலகின் சிலாட் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றை ஜப்பானிய வாட்கலையுடனும் ஐரோப்பிய வாட்பயிற்சியுடனும் இந்தியக் களரிப்பயிற்று, சிலம்பம் ஆகியவற்றுடனும் ஒப்பிடும் வழக்கம் போர்க்கலை ஆர்வலர்களிடையே பரவலாக உள்ளது.

இந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் முடிகின்றன. எது வலிமையானது என்பது ஒன்று. எது எதிலிருந்து பிறந்தது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றை விடப் பெருமிதமே விடையளிக்கிறது. வாளின் வடிவம், களத்தின் தன்மை, பயிற்சிக் கருவி, எழுத்துச் சான்று ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டால் ஒப்பீடு பயனுள்ளதாக அமையும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாளின் வடிவமும் சண்டையின் வடிவமும்

தென்கிழக்காசியப் பெருநிலப்பகுதியின் வாள்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மியான்மரில் தா, தாய்லாந்திலும் லாவோசிலும் தாப், கம்போடியாவில் தாவ் என அவற்றின் பெயர்களும் ஒத்து ஒலிக்கின்றன. ஒருபுறம் மட்டும் கூர்மை, மெல்லிய வளைவு, நீண்ட கைப்பிடி, கைக்காப்பு இல்லாமை அல்லது மிகச் சிறிய காப்பு ஆகியவை இவற்றின் பொது இயல்புகள். மியான்மரில் தா என்ற சொல் வீட்டுக் கத்தி, காட்டுக் கத்தி, போர்வாள் ஆகிய அனைத்தையும் குறிக்கும். கருவிக்கும் ஆயுதத்திற்கும் இடையில் அங்கே தடித்த கோடு எதுவும் இல்லை.

கைக்காப்பு இல்லாத வாளைப் பிடித்தவர், எதிரியின் வாளைத் தம் வாளின் அடிப்பகுதியில் தாங்கி நிற்க முடியாது. அலகின் மேல் வழுக்கி வரும் வாள் அவருடைய விரல்களை வெட்டிவிடும். ஆகவே வெட்டுவரும் கோட்டிலிருந்து விலகுவது, எதிரி வீசும் கையையே வெட்டுவது, மறுகையில் கேடயமோ இன்னொரு வாளோ ஏந்துவது போன்ற வழிகள் தேவைப்படுகின்றன. தென்கிழக்காசிய வாட்கலைகளில் இரட்டை ஆயுதங்களும் விலகு நடையும் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

இதற்கு மாறாக, 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நீண்ட குத்துவாளில் கையைச் சுற்றிலும் கம்பிக் கூடு போன்ற காப்பு இருந்தது. கையை முன்னே நீட்டி, எதிரியின் வாளோடு வாளை ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பாய்ந்து குத்தும் முறை அந்தக் காப்பின் துணையால் சாத்தியமாயிற்று. தாப் வாளைக் கொண்டு அவ்வாறு பாய்ந்தால் முதலில் இழக்கப்படுவது விரல்களாக இருக்கும். இரு மரபுகளில் ஒன்று அறிவார்ந்தது, மற்றது காட்டுத்தனமானது என்று பழைய ஐரோப்பியப் பயணிகள் சிலர் கருதியது இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறியதால் வந்த பிழை ஆகும்.

வெப்பமண்டலத்தில் கவசமே கிடையாது என்ற பொதுக்கூற்றும் முழு உண்மை அன்று. தெற்குப் பிலிப்பைன்ஸின் மோரோ மக்கள் பித்தளை வளையங்களையும் எருமைக்கொம்புத் தகடுகளையும் கோத்துச் செய்த கவசங்களை அணிந்தனர். ஆயினும் உடல் முழுவதையும் மூடும் எஃகுக் கவசம் இப்பகுதியில் பரவவில்லை. அதனால் கவசத்தின் இடுக்குகளைத் தேடிக் குத்தும் நுட்பத்தை விட, திறந்த உடலை விரைந்து வெட்டும் நுட்பமே இங்கு வளர்ந்தது.

தாய்லாந்து: கிராபி கிராபோங்

கிராபி என்பது கைக்காப்புடைய வளைந்த வாள். கிராபோங் என்பது நீண்ட கம்பு. இவ்விரு பெயர்களால் வழங்கினாலும் இக்கலையில் இரட்டைத் தாப் வாள்கள், நீண்ட கைப்பிடியுடைய வெட்டாயுதம், பலவகைக் கேடயங்கள், முன்கையில் கட்டிக்கொள்ளும் மரத்தண்டுகள் ஆகியவையும் அடங்கும். வாள்வீச்சோடு உதை, முழங்கால் இடி போன்றவை கலந்தே வருகின்றன. தாய்க் குத்துச்சண்டையும் இக்கலையும் ஒரே போர்ப்பயிற்சியின் இரு கிளைகளாகக் கருதப்படுகின்றன.

சண்டை தொடங்குமுன் குரு வணக்கம் செய்யப்படுகிறது. தாய் மொழியில் இது வாய் க்ரு எனப்படும். க்ரு என்பது குரு என்ற வடசொல்லின் திரிபு. குழலும் முழவும் தாளமும் ஒலிக்க வீரர்கள் ஆடிச் சுற்றிவந்த பிறகே மோதல் தொடங்கும். ஒப்பீட்டாளர்கள் பலர் இந்த ஆட்டத்தைப் பார்த்து இக்கலையை வெறும் மேடைக்கலை என ஒதுக்குகின்றனர். சிலம்பத்தில் குருவையும் களத்தையும் வணங்கிச் சுவடு வைத்து இறங்குவதும், களரியில் பூத்தறையை வணங்குவதும் இதனோடு ஒப்பிடத் தக்கவை. சடங்கு இருப்பதனால் சண்டைத்திறன் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. சடங்கு மட்டுமே மிஞ்சியிருக்கிறதா என்பதே சரியான கேள்வி.

அக்கேள்விக்கான விடை கலப்பானது. 1767இல் அயூத்தியா நகரம் பர்மியப் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டுகளில் தாக்சின் மன்னரின் தளபதியாக விளங்கிய பிச்சாய், 1773இல் நடந்த போரில் ஒரு வாள் முறிந்த பின்னும் இரு கைகளாலும் போரிட்டதாகப் புகழப்படுகிறார். முறிந்த வாளின் பிச்சாய் என்ற பெயரும், உத்தரதித் நகரில் உள்ள அவருடைய சிலையும் இரட்டை வாள் மரபின் நினைவை இன்றும் காக்கின்றன. ஆனால் துப்பாக்கிப் படைகள் நிலைபெற்ற பிறகு இக்கலை அரசவை விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் நிகழ்த்தப்படும் ஒன்றாக மாறியது. இருவர் முன்கூட்டியே பழகிய அடவுகளை விரைவாக மோதிக்காட்டுவதே இன்றைய நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி. தொலைவும் நேரமும் அறியும் திறன் அதில் உண்மையானது. எதிர்பாராத வெட்டைச் சமாளிக்கும் திறன் அதில் சோதிக்கப்படுவதில்லை.

பிலிப்பைன்ஸ்: பிரம்பும் வாளும்

பிலிப்பைன்ஸ் மரபின் தனித்தன்மை, தொடக்கநிலை மாணவருக்கே ஆயுதத்தைக் கையில் கொடுப்பது. பிரம்பினால் பழகிய கோணங்களே பின்னர் வாளுக்கும் கத்திக்கும் வெறுங்கைக்கும் பயன்படுகின்றன. நுட்பங்கள் பெயரால் அல்லாமல் எண்ணால் சொல்லப்படுவது வழக்கம். வெட்டு எந்த ஆயுதத்தால் வருகிறது என்பதை விட எந்தக் கோணத்தில் வருகிறது என்பதே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது.

இக்கலையின் கலைச்சொற்களே அதன் வரலாற்றை ஓரளவு சொல்கின்றன. ஆர்னிஸ் என்பது கவசத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்தும், எஸ்கிரிமா என்பது வாட்பயிற்சியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்தும் வந்தவை. நீண்ட வாளும் குறுவாளும் சேர்ந்த பயிற்சி எஸ்பாதா இ தாகா என ஸ்பானியப் பெயராலேயே வழங்குகிறது. விசிறி போல் மணிக்கட்டைச் சுழற்றும் அடியின் பெயர் அபானிகோ. இதுவும் ஸ்பானியச் சொல்லே. ஆனால் இரண்டு பிரம்புகளையும் மாறிமாறிப் பின்னும் பயிற்சிக்குச் சினவாலி என்று பெயர். மூங்கில் கீற்றுகளால் பின்னப்பட்ட சுவர்த்தட்டியான சவாலி என்ற உள்நாட்டுச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

இதை வைத்து இரண்டு எதிரெதிர் முடிவுகள் கூறப்படுகின்றன. முழுக்கலையும் ஸ்பானிய வாட்பயிற்சியின் உள்ளூர் வடிவமே என்பது ஒன்று. ஸ்பானியர் வருமுன்பே முழுமை பெற்ற பழங்கலைக்குப் பின்னாளில் ஸ்பானியப் பெயர்கள் ஒட்டப்பட்டன என்பது மற்றொன்று. கம்பிலான், பாரோங் போன்ற உள்நாட்டு வாள்களும் அவற்றைக் கையாண்ட வீரர்களும் இருந்ததால் முதல் முடிவு நிற்காது. எண்முறைப் பாடத்திட்டமும் இரட்டை ஆயுதப் பெயர்களும் ஸ்பானியக் கோட்டைகளிலும் படைகளிலும் உள்நாட்டார் பணிபுரிந்த காலத்தின் சாயலைக் கொண்டிருப்பதால் இரண்டாம் முடிவும் முழுமையாக நிற்காது. இரு தரப்பும் தூய்மையான ஒரே மூலத்தைத் தேடுவதே இங்குள்ள குறை. முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே தீவுகளில் வாழ்ந்த இரு மரபுகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

ஆர்னிஸ் 2009இல் சட்டத்தின் வழியே பிலிப்பைன்ஸின் தேசியப் போர்க்கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்டது. இந்தப் பெருமையோடு ஒரு சிக்கலும் வளர்ந்தது. போட்டிகளில் வீரர்கள் கவசமணிந்து பிரம்பால் அடித்துப் புள்ளி பெறுகிறார்கள். பிரம்பின் எந்தப் பக்கம் பட்டாலும் அது அடிதான். எதிரியின் பிரம்பைக் கையால் பற்றவும் முடியும். வாளில் கூர்மைப்பக்கம் சரியான கோணத்தில் பட்டால்தான் அது வெட்டும். எதிரியின் அலகைப் பற்றும் கை மீளாது. ஆகவே பிரம்புப் போட்டியில் வெல்பவர் வாட்போரிலும் வெல்வார் என்று கூறுவது பயிற்சிக் கருவியையும் ஆயுதத்தையும் குழப்பிக்கொள்வதாகும்.

மலாய், ஜாவா உலகம்: கெரிசும் கிளெவாங்கும்

இந்தோனேசியாவையும் மலேசியாவையும் பற்றிப் பேசும் கட்டுரைகள் கெரிசையே முன்னிறுத்துகின்றன. கெரிஸ் ஒரு குறுவாள். குத்துவதற்கென அமைந்தது. வளைவுகளை உடைய அலகில் அவ்வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது மரபு. பல அடுக்கு உலோகங்களை மடித்து அடிப்பதால் பாமோர் எனப்படும் கோலங்கள் அலகில் தோன்றும். நடு ஜாவாவில் உள்ள 15ஆம் நூற்றாண்டுச் சுக்குக் கோயிலின் புடைப்புச் சிற்பம் ஒன்றில், பீமன் கொல்லனாக அமர்ந்து ஆயுதம் செய்கிறான். அர்ச்சுனன் துருத்தி இயக்குகிறான். நடுவில் யானைமுகக் கடவுள் நிற்கிறார். சீனப் பயணி மா ஹுவான் அதே நூற்றாண்டில், ஜாவாவின் ஆண்கள் சிறுவயது முதலே இடுப்பில் குறுவாள் செருகியிருந்ததைப் பதிவு செய்தார்.

கெரிசின் பண்பாட்டு மதிப்பு ஐயத்திற்கு இடமற்றது. 2005இல் இந்தோனேசியக் கெரிசை யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஆனால் அதனைத் தென்கிழக்காசிய வாட்போரின் பேராளனாகக் கொண்டு ஜப்பானியக் கத்தானாவோடு ஒப்பிடுவது அடிப்படையிலேயே தவறு. ஒன்று நெருங்கி நின்று குத்தும் குறுவாள், மற்றது இரு கைகளால் வெட்டும் நீள்வாள். வெட்டும் ஆயுதங்களை ஒப்பிட வேண்டுமானால் பாராங், பெடாங், கிளெவாங் ஆகியவற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளெவாங்கின் திறனுக்கு அதன் எதிரிகளே சான்றளித்தனர். 1873இல் தொடங்கிய அச்சே போரில் டச்சுப் படைகள் காட்டுக்குள் நீண்ட துப்பாக்கிகளோடு தடுமாறின. 1890இல் உருவாக்கப்பட்ட சிறப்புக் காவற்படைக்குக் குறுந்துப்பாக்கியும் கிளெவாங் வகை வாளும் வழங்கப்பட்டன. அந்த டச்சு வாளின் வடிவத்தைப் பின்பற்றியே பின்னர் அமெரிக்கக் கடற்படையின் 1917ஆம் ஆண்டு மாதிரிக் குறுவாளும் அமைந்தது. ஒரு பேரரசின் படை தன் வாளை விட்டு எதிரியின் வாளை எடுத்துக்கொண்டது என்பது, நூறு புகழுரைகளை விட வலுவான ஒப்பீட்டுச் சான்று. அதே நேரத்தில் அப்படை துப்பாக்கியைக் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

இன்றைய சிலாட்டில் வாளின் இடம் சுருங்கியுள்ளது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பென்சாக் சிலாட் இடம்பெற்று, 16 தங்கங்களில் 14ஐ இந்தோனேசியா வென்றது. அங்கே நேருக்கு நேர் மோதும் பிரிவில் ஆயுதம் இல்லை. வெட்டுக்கத்தியும் கம்பும் முன்கூட்டியே அமைத்துச் செய்துகாட்டும் வரிசைகளில் மட்டுமே வந்தன. 2019இல் யுனெஸ்கோ இந்தோனேசியாவின் பென்சாக் சிலாட் மரபையும் மலேசியாவின் சிலாட்டையும் தனித்தனியே பட்டியலில் சேர்த்தது. எல்லைக்கோட்டின் இருபுறமும் வாழும் ஒரு கலைக்கு இரண்டு நாட்டுப் பெயர்ப்பலகைகள் மாட்டப்பட்டதும் இந்த ஒப்பீட்டு அரசியலின் ஒரு பகுதியே.

ஜப்பானியக் கெண்டோவுடன் ஒப்பீடு

பயிற்சிக் கருவி பற்றிய சிக்கலை ஜப்பான் வேறுவிதமாகக் கையாண்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூங்கில் வாளும் பாதுகாப்புக் கவசமும் பயிற்சிக் கூடங்களில் பரவத் தொடங்கின. 1876இல் பொது இடங்களில் வாள் ஏந்துவது தடைசெய்யப்பட்ட பின்னரும் அந்தப் பயிற்சி தொடர்ந்து, இன்றைய கெண்டோவாக வளர்ந்தது. மூங்கில் வாளின் முதுகுப்புறத்தில் ஒரு நாண் ஓடுகிறது. அதற்கு எதிர்ப்பக்கமே கூர்மைப்பக்கமாகக் கருதப்படுகிறது. அப்பக்கம், அதிலும் வாளின் மேற்பகுதி, சரியான கோணத்தில் பட்டால்தான் புள்ளி உண்டு. வாள் கையில் இல்லாதபோதும் வாளின் நினைவை விதி காக்கிறது.

ஆனால் கெண்டோவிலும் இழப்பு உண்டு. தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகியவை மட்டுமே அதில் இலக்குகள். காலை வெட்டுவதற்குப் புள்ளி இல்லை. ஆதலால் காலைக் காக்கும் பழக்கமும் இல்லை. தென்கிழக்காசிய மரபுகளில் தாழ்ந்து அமர்ந்து காலை வெட்டுவது இயல்பான உத்தி. கெண்டோ வீரர் மரபுவழி எஸ்கிரிமா வீரரின் முன் நின்றால் காலில் வெட்டு வாங்கலாம். பிரம்புப் போட்டியாளர் கத்தானாவின் முன் நின்றால் நீளத்திலும் கூர்மைக் கோணத்திலும் தோற்கலாம். ஒவ்வொரு விளையாட்டும் தன் விதி காத்ததைக் காத்து, விட்டதை இழந்திருக்கிறது.

இரு மரபுகளும் நேரில் சந்தித்ததற்கும் வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் யமாதா நகமாசா தலைமையில் ஜப்பானிய வீரர்கள் அயூத்தியா அரசின் படையில் பணியாற்றினர். ஜப்பானிய வாள்களும் சியாமில் மதிப்புப் பெற்றன. அதற்காகத் தாப் வாளின் மரபு அழிந்துவிடவில்லை. ஒரு கலை தன் தேவைக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டு தன் வழியில் தொடர முடியும் என்பதை இது காட்டுகிறது.

களரி, சிலம்பம்: மூலம் தேடும் ஒப்பீடு

தமிழில் எழுதப்படும் ஒப்பீடுகளில் அடிக்கடி காணப்படும் கூற்று, தென்கிழக்காசியப் போர்க்கலைகள் அனைத்தும் சிலம்பத்திலிருந்தோ களரியிலிருந்தோ பிறந்தவை என்பது. இதற்கு முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு சான்றாகக் காட்டப்படுகிறது.

தொடர்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தையும், அதனைக் காக்கும் மணிக்கிராமத்தாரையும் சேனாமுகத்தாரையும் குறிப்பிடுகிறது. சுமத்ராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவுடையது. மலாய் மொழியின் காப்பால், கெடாய், பெத்தி என்ற சொற்கள் தமிழின் கப்பல், கடை, பெட்டி என்பவையே. வணிகர்களும் அவர்களுக்குக் காவலாக வீரர்களும் சென்றனர்.

ஆனால் இக்கல்வெட்டுகள் எதிலும் வாட்பயிற்சி கற்பிக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. கடன் வாங்கிய சொற்கள் சந்தையையும் கப்பலையும் சார்ந்தவை. கெரிஸ், பாராங், கோலோக், கிளெவாங் போன்ற ஆயுதப் பெயர்கள் தமிழ்ச் சொற்கள் அல்ல. ஒரு கலை மொத்தமாகக் கடன் பெறப்பட்டிருந்தால் அதன் கலைச்சொற்களில் தடயம் எஞ்சியிருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் ஸ்பானியச் சொற்கள் எஞ்சியிருப்பது போல. மலாய்ச் சிலாட்டில் அத்தகைய தமிழ்ச் சொற்படலம் காணப்படவில்லை.

ஒத்த முறைகளும் மூலத்தை நிறுவுவதில்லை. களரியில் மெய்தாரி, கோல்தாரி, அங்கதாரி என உடற்பயிற்சி, மரக்கருவி, உலோக ஆயுதம் என்ற படிகளுக்குப் பின்னரே வெறுங்கை வருகிறது. பிலிப்பைன்ஸிலும் ஆயுதத்திற்குப் பின்னரே வெறுங்கை. வாளேந்திய எதிரியை முதலில் எண்ணும் எந்தச் சமூகமும் இந்த வரிசைக்கு வந்துசேர முடியும். மறுபுறம், களரியின் சுருள்வாளுக்கு இணையான நெகிழ்வாள் தென்கிழக்காசிய மரபுகளில் முதன்மை ஆயுதமாக இல்லை. மூலக்கோட்பாடு ஒற்றுமைகளை மட்டும் எண்ணி வேற்றுமைகளை விட்டுவிடுகிறது.

உறுதியான தமிழ்த் தொடர்பு ஒன்று மிக அண்மைக்காலத்தது. தோட்டத் தொழிலுக்காகவும் பிற பணிகளுக்காகவும் மலாயா சென்ற தமிழர்கள் சிலம்பத்தையும் உடன் கொண்டு சென்றனர். இன்று மலேசியாவில் சிலம்பம் உயிர்ப்போடு பயிலப்படுகிறது. ஆயிரம் ஆண்டுப் பெருமையைத் தேடுபவர்கள், தோட்டக் குடியிருப்புகளில் கம்பு சுழற்றிக் கலையைக் காத்த ஆசான்களின் வரலாற்றை எழுதாமல் விட்டுவிடுவது பெரிய இழப்பாகும்.

கதையும் சான்றும்

வாட்கலையைப் போற்றும் நூல்களில் இரண்டு நிகழ்வுகள் தவறாமல் இடம்பெறும். 1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில் மகெல்லன் கொல்லப்பட்டது ஒன்று. எஸ்கிரிமாவின் வெற்றியாக அது கூறப்படுகிறது. உடனிருந்த பிகஃபெட்டாவின் பதிவு வேறு நுணுக்கங்களைத் தருகிறது. பாறைகளால் படகுகள் கரையை நெருங்க முடியவில்லை. 49 பேர் தொடையளவு நீரில் நடந்து சென்றனர். எதிரே ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்ததாக அவர் எழுதுகிறார். படகிலிருந்த பீரங்கிகள் தொலைவினால் பயன்படவில்லை. கையில் மூங்கில் ஈட்டி தைத்ததால் மகெல்லன் தம் வாளைப் பாதிக்கு மேல் உருவ முடியவில்லை. பிறகே இடக்காலில் பெரிய வளைவாள் ஒன்றின் வெட்டு விழுந்தது. லாபுலாபு தம் கையால் மகெல்லனைக் கொன்றதாக அப்பதிவு சொல்லவில்லை. கடலின் ஆழமின்மையும் எண்ணிக்கையும் ஈட்டியும் வாளும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. மக்தான் மக்களின் போரறிவு அதனால் குறைவதில்லை, உயரவே செய்கிறது.

மற்றொன்று 1593இல் சியாம் மன்னர் நரேசுவன் யானைமீதிருந்து பர்மிய இளவரசரை வெட்டி வீழ்த்தியது. தாய் மரபு இதனை நேருக்கு நேர் போராகக் கொண்டாடுகிறது. பர்மிய வரலாற்று ஏடுகள் இளவரசர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானதாகக் கூறுகின்றன. இரு நாட்டுப் பதிவுகளையும் அருகருகே வைக்காமல் ஒன்றை மட்டும் சான்றாக்கும் கட்டுரை, போர்க்கலை பற்றிய கட்டுரையாக இருப்பதில்லை.

மதிப்பீடு

தென்கிழக்காசிய வாட்கலைகளின் உண்மையான சிறப்பு மூன்று இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. காட்டுக்கத்தியையும் போர்வாளையும் ஒரே கைப்பழக்கத்தில் இணைத்தது முதலாவது. ஆயுதத்தையும் வெறுங்கையையும் ஒரே அசைவுகளால் கற்பிப்பது இரண்டாவது. அயலார் வந்தபோது அவர்களிடமிருந்து பெற்றும் அவர்களுக்குக் கொடுத்தும் வளர்ந்தது மூன்றாவது. இச்சிறப்புகளுக்கு உலகின் மிகச் சிறந்த கலை என்ற பட்டமோ, மிகப் பழைய கலை என்ற பட்டமோ தேவையில்லை.

இக்கலைகளை ஒப்பிட விரும்பும் மாணவர் முதலில் இரண்டு வாள்களையும் அளந்து பார்க்க வேண்டும். பின்னர் அவை எந்த நிலத்தில், எந்த எதிரிக்கு எதிராக, எந்தக் காலத்தில் பயன்பட்டன என்று கேட்க வேண்டும். இன்று கற்பிக்கப்படும் வடிவம் போருக்குரியதா, விழாவுக்குரியதா, போட்டிக்குரியதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இவற்றைச் செய்த பிறகு எது சிறந்தது என்ற கேள்வி பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். கைக்காப்பில்லாத வாளோடு ஒரு மனிதர் தம் விரல்களை எப்படிக் காத்துக்கொண்டார் என்ற கேள்வி மிஞ்சும். ஒப்பீடு தொடங்க வேண்டிய இடம் அதுவே ஆகும்.